சூப்பர் மார்க்கெட்டுக்கு நாட்டுக்கோழி முட்டை போடப் போகிறீர்களா? முதலில் இந்தக் கணக்கு

டவுனில் புதிதாக ஒரு சூப்பர் மார்க்கெட் திறந்தால் போதும், சுற்றுவட்டாரத்தில் கோழி வைத்திருப்பவர்கள் யாராவது எனக்கு போன் போட்டு விடுவார்கள். "அக்கா, நாட்டுக்கோழி முட்டை கேக்கறாங்க. கொடுக்கலாமுங்களா?"

கொடுக்கலாம். நானும் கொடுக்கிறேன். தாராபுரம் பக்கம் எங்கள் கொரங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், சிறுவிடை என்கிற நாட்டு இனப் பெட்டைகள் 200 மேய்கின்றன. முட்டையில் ஒரு பங்கு கடைக்குப் போகிறது, மீதி வீடுகளுக்கு. கடைக்காரர் கேட்கிற மார்ஜினைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். மார்ஜினை விலையில் ஏற்றிச் சரிக்கட்டிவிடலாம். சிறு பண்ணையைச் சாய்ப்பது கடையிலிருந்து திரும்பி வருகிற ரிட்டனும், கடைக்காரர் வைக்கிற கடனும்தான். அந்த இரண்டையும் எப்படிப் பேசி முடிப்பது என்பதற்கு முன்னால், உங்கள் முட்டை உங்களுக்கு என்ன விலைக்கு விழுகிறது என்று தெரிய வேண்டும். பாதிப் பேருக்கு அது தெரியாது. "தோட்டத்துல மேயுது, என்ன பெரிய செலவு" என்பார்கள்.

அடக்க விலை

அசல் நாட்டுப் பெட்டை அடைக்கு உட்காரும், இறகு உதிர்க்கும், இடையில் ஓய்ந்து போகும். ஆண்டுக்கு 80 முட்டை என்றால் நல்ல பெட்டை. அடைத்து வைத்து வளர்த்தால் நாளுக்கு 90 கிராம் தீவனம் தின்னும், ஆண்டுக்கு ஏறத்தாழ 33 கிலோ. எங்கள் கலப்புத் தீவனம் கிலோ 31 ரூபாய்க்கு விழுகிறது. அப்படியானால் 1,023 ரூபாய். 80 முட்டைக்குப் பிரித்தால் தீவனம் மட்டுமே ஒரு முட்டைக்குக் கிட்டத்தட்ட 13 ரூபாய்.

மேய விட்டால் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். கொழுக்கட்டைப் புல் விதை, வெட்டுக்கிளி, வேலிக்கடியில் கிடைக்கிற பூச்சி எல்லாம் சேர்த்து எங்கள் பெட்டைகளுக்கு ஆண்டுக்கு 22 கிலோ தீவனம் போதுகிறது. 682 ரூபாய். முட்டைக்கு எட்டரை.

அப்புறம் மற்ற செலவுகள். கீரி, பருந்து, நோய் என்று சாகிற கோழிகளுக்காக முட்டைக்கு 1 ரூபாய் வைக்கிறேன். ஆறு முட்டை அட்டைப் பெட்டிக்காக முட்டைக்கு இன்னொரு 1 ரூபாய். பெட்ரோல் 50 காசு. உங்கள் கூலியை விட்டுவிடாதீர்கள். 200 பெட்டைகள் ஆண்டுக்கு 16,000 முட்டை இடும், நாளுக்குச் சராசரி 44. தீவனம் வைப்பது, கூட்டுவது, பொறுக்குவது, துடைத்து அடுக்குவது எல்லாம் நாளுக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். மணிக்கு 60 ரூபாய் என்று போட்டாலும் 180. முட்டைக்கு 4 ரூபாய்க்கு மேல் வருகிறது, 4 என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் மாமியார் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள், "வீட்டு வேலைக்குக் கூலியா?" என்பார்கள். அதே மூன்று மணி நேரம் வெங்காயக் காட்டில் களை எடுத்தால் காசு தருகிறார்களே.

ஆக 15 ரூபாய். இதற்குக் கீழே போனால் நீங்கள் கடைக்கு இனாமாக வேலை செய்கிறீர்கள் என்று அர்த்தம். குஞ்சை ஆறு மாதம் வளர்த்த செலவை நான் இதில் சேர்ப்பதில்லை, வயதான பெட்டையைக் கழிக்கும்போது கறிக்கோழியாக விற்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஊர் விலைகளைப் போட்டு நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள். என் எண்ணை அப்படியே எடுக்க வேண்டாம்.

தீவன விலை உங்கள் கையில் இல்லை, வாங்குகிற மாதம் உங்கள் கையில்

கோழித் தீவனத்தில் பாதி மக்காச்சோளம், அடுத்தது சோயா. 2021-ல் சோயாப் புண்ணாக்கு கிலோ 100 ரூபாய் வரை போய், கடைசியில் மத்திய அரசு 12 லட்சம் டன் இறக்குமதிக்கு அனுமதி கொடுத்தது ஞாபகம் இருக்கும். அது இறங்கியதும் மக்காச்சோளம் ஏறியது. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கு மக்காச்சோளம் போக ஆரம்பித்த பிறகு ஆலைக்காரரும் கோழிக்காரரும் ஒரே மூட்டைக்குப் போட்டி போடுகிறோம். விற்றுக்கொண்டிருந்த நாடு 2024-ல் வெளியிலிருந்து மக்காச்சோளம் வாங்கியது. 2025-26-க்கான ஆதார விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். விளைவிக்கிறவருக்கு அது நல்லதுதான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் முட்டை விலையும் கூடவே ஏறினால்தானே நமக்குக் கட்டும்.

ஆகவே அறுவடை நேரத்தில், தை மாசியில், தெரிந்த விவசாயியிடம் நேராக வாங்குங்கள். இரண்டு வெயில் காயப் போட்டு, பல்லில் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும். நசுங்கினால் ஈரம் இருக்கிறது, பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணத் தீவனம் தின்ற கோழி முட்டையைக் குறைத்துவிடும், ஈரலும் கெடும். கடலைப் புண்ணாக்கிலும் இதே தொல்லை உண்டு, அதனால் நான் போடுவதில்லை.

எங்கள் 100 கிலோ கலவை: மக்காச்சோளம் 45, அரிசிக் குருணை 10, தவிடு 15, சோயாப் புண்ணாக்கு 18, உப்பில்லாத கருவாட்டுத் தூள் 5, கிளிஞ்சல் 5, தாது உப்புக் கலவை 2. கிளிஞ்சலைத் தனியாக ஒரு சட்டியிலும் வைத்துவிடுவேன், முட்டையிடுகிற கோழி தானாகப் போய்ப் பொறுக்கும். குஞ்சுகளுக்குக் கரையான் பிடிக்கலாம். பழைய பானையில் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணியும் திணித்து, தண்ணீர் தெளித்து, புற்று இருக்கும் இடத்தில் கவிழ்த்து வைத்தால் விடியும்போது நிறைந்திருக்கும். அசோலாவையும் வளர்க்கலாம், ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். அதை நம்பித் தீவனத்தைக் குறைக்காதீர்கள்.

கோழிக்கழிச்சல் தடுப்பூசிக்கு கால்நடைத் துறை ஆண்டுதோறும் இலவச முகாம் போடுகிறது. தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கழிச்சல் புகுந்தால் மேலே போட்ட கணக்கு எதுவும் நிற்காது.

அலமாரியில் உங்கள் பக்கத்தில் யார்?

பேசப் போவதற்கு முன்னால் அந்தக் கடைக்குச் சும்மா ஒரு வாடிக்கையாளராகப் போய் முட்டை இருக்கும் இடத்தைப் பாருங்கள். வெள்ளை முட்டைக்கு நாமக்கல் விலைதான் அடிப்படை. 1982-ல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிற விலை அது. 2025 கடைசியில் 6 ரூபாயைத் தாண்டியதற்கே பேப்பரில் தலைப்புச் செய்தி. அந்த முட்டையோடு நமக்குப் போட்டி இல்லை, வாங்குகிறவர் வேறு.

போட்டி பழுப்பு முட்டையோடு. பி.வி. 380 போன்ற கலப்பினக் கோழிகள் கூண்டில் இருந்தபடி ஆண்டுக்கு 250-க்கு மேல் இடும். முட்டை பழுப்பாக, பெரிதாக, எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அது நல்ல முட்டைதான். ஆனால் பல கடைகளில் அதன் மேல் 'நாட்டுக்கோழி முட்டை' என்று எழுதி, பத்துப் பன்னிரண்டு ரூபாய்க்கு வைத்திருப்பார்கள். நம்முடையது சிறிசு, 40 கிராம் இருந்தாலே பெரிது, நிறமும் கலந்து இருக்கும்.

முதல்தடவை நான் பெட்டியைத் திறந்து காட்டியபோது ஒரு கடையின் பர்ச்சேஸ் மேனேஜர் வெளிர் நிறத்தில் இருந்த இரண்டு முட்டைகளைத் தனியாக எடுத்து மேஜையில் வைத்தார். "இது ஃபார்ம் முட்டைங்க, கலந்துட்டீங்க" என்றார். சின்னப் பையன், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அவருக்கு நாட்டுக்கோழி முட்டை என்றால் அடர் பழுப்பு. ஒரு பெட்டை தந்த நிறத்தில் இன்னொரு பெட்டை தராது என்று சொல்லி, போனில் கோழிகளைக் காட்டினேன். இப்போது பெட்டியின் மேலேயே 'நிறமும் அளவும் மாறி மாறித்தான் இருக்கும்' என்று அச்சடித்துவிட்டேன். உங்கள் கடைக்காரருக்கு இது புரியவில்லை என்றால், அல்லது பழுப்பு முட்டைக்குப் பக்கத்திலேயே அதே பெயரில் வைப்பேன் என்றால், அந்தக் கடை வேண்டாம். அங்கே விற்காது. விற்காததெல்லாம் உங்களிடமே திரும்பி வரும்.

மார்ஜின் பேச்சு

"25 பர்சன்ட் மார்ஜின்" என்பார்கள். எதன் மேல் என்று கேளுங்கள். நீங்கள் கொடுக்கிற விலையின் மேல் 25 என்றால், 15 ரூபாய் முட்டை 18.75-க்கு விற்கும். எம்.ஆர்.பி.யின் மேல் 25 என்றால், உங்களுக்கு 15 வர எம்.ஆர்.பி. 20 போட வேண்டும். பெரும்பாலும் அவர்கள் சொல்வது இரண்டாவது. இது புரியாமல் தலையாட்டி, 18.75 எம்.ஆர்.பி. அச்சடித்துக்கொண்டு போனால் கையில் வருவது 14 ரூபாய் சில்லறை.

அடுத்து ரிட்டன். உடைந்தது, தேதி முடிந்தது, விற்காதது எல்லாவற்றையும் பில்லில் கழிப்பார்கள். நூற்றுக்குப் பத்து திரும்பினால், 15 ரூபாய் என்று பேசிய முட்டை உண்மையில் 13.50-க்குப் போயிருக்கிறது. எம்.ஆர்.பி. 22 போட்டால் உங்கள் பங்கு 16.50, பத்து சதவீதம் போனாலும் 14.85 நிற்கும். நான் 22-தான் போட்டேன். ஆறு முட்டைப் பெட்டி 132 ரூபாய். ஜாஸ்தி என்றார்கள். சரி, குறைத்து வாங்குங்கள் என்றேன்.

ரிட்டனில் மூன்று விஷயம் பேசி, வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். கடைக்குள் போன பிறகு உடைந்த முட்டை அவர்களுடையது. இறக்கும்போதே பெட்டியைத் திறந்து காட்டி, பில்லில் கையெழுத்து வாங்கிவிட்டால் இதில் சண்டை வராது. விற்காத முட்டை பத்து நாளுக்குள் கைக்கு வர வேண்டும். பத்து நாளுக்குள் வந்தால் வீட்டுக்கோ ஓட்டலுக்கோ வேறு வழியில் தள்ளலாம், மாதக் கடைசியில் மொத்தமாகத் தந்தால் குப்பையில்தான். மூன்றாவது, 'ஆஃபர்'. உங்களைக் கேட்காமல் ஆஃபர் போட்டு, அந்தத் தள்ளுபடியை உங்கள் பில்லில் கழிக்கக் கூடாது. இந்த மூன்றாவதற்கு எல்லாக் கடையும் ஒத்துக்கொள்ளாது. முதல் இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளாத கடையை விட்டுவிடுங்கள்.

கடன்

"45 நாள் கிரெடிட்" என்பது அவர்களுக்குச் சாதாரண வார்த்தை. நமக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். வாரம் 300 முட்டை, அதாவது 200 பெட்டையின் முழு மகசூலும் ஒரே கடைக்கு. 16.50 வீதம் வாரத்துக்கு 4,950. ஆறு வாரத்தில் கிட்டத்தட்ட 30,000 ரூபாய் கடைக்காரர் கையில் நிற்கும். நம் 200 பெட்டை நாளுக்கு 12 கிலோ தீவனம் தின்கிறது. 30,000 ரூபாய் என்பது இரண்டரை மாதத்துக்கும் மேலான தீவனம். அதை நீங்கள் தீவனக் கடையில் கடன் சொல்லி வாங்குவீர்கள், அங்கே மூட்டைக்கு 50 ரூபாய் சேர்த்துப் போடுவார்கள். முட்டையில் மிஞ்சியது அங்கே போகும். தை மாசியில் மக்காச்சோளம் வாங்கக் கையில் காசு இருக்காது என்பது இன்னொரு நட்டம்.

என் வழி 'பில் டு பில்'. இந்த வாரம் சரக்கு இறக்கும்போது போன வாரப் பில்லுக்குப் பணம். ஊருக்குள் ஓரிரண்டு கிளை வைத்திருக்கிற கடைகள் இதற்கு ஒத்துக்கொள்ளும், முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருப்பார். பல ஊர்களில் கிளை வைத்திருக்கிற பெரிய கடைகளில் பணம் தலைமை அலுவலகத்திலிருந்துதான் வரும், பர்ச்சேஸ் மேனேஜர் நல்லவராக இருந்தாலும் அவர் கையில் ஒன்றும் இல்லை. ஒரு பெரிய கடையில் மூன்று மாதப் பாக்கி நின்றதும் நான் சரக்கை நிறுத்தினேன். பணம் வந்தது, தவணை தவணையாக. அதற்குப் பிறகு பெரிய கடைக்கு நான் போடவில்லை. நீங்கள் போடுவதாக இருந்தால் ஒரு தொகையை மனதில் வையுங்கள், உதாரணமாக 5,000. பாக்கி அதைத் தொட்டால் அடுத்த வண்டி போகாது. முகம் பார்க்காதீர்கள்.

எந்த ஒரு கடைக்கும் மகசூலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். எங்களுக்கு அது வாரம் 100 முட்டை. கடையில் ஏதாவது ஆனாலும் நட்டம் 1,650 ரூபாயோடு நிற்கும்.

கடைக்குப் போகிற முட்டை

சேவலைப் பிரித்து வையுங்கள். இதைச் சொல்லித் தருகிறவர்கள் குறைவு. சேவல் கூடிய முட்டை நம் ஊர் வெயிலில், அடை வைக்காமலே உள்ளே வளர ஆரம்பித்துவிடும். சித்திரையில் நான்கு நாள் வெளியில் கிடந்த முட்டையை உடைத்தால் ரத்த வளையம் தெரியும். டவுனில் ஒரு வீட்டம்மா அதை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், அந்த வீட்டுக்கு இனி உங்கள் முட்டை போகாது, கடைக்காரருக்கும் போன் போகும். குஞ்சுக்கு வேண்டிய பெட்டைகள் பத்தோ இருபதோ சேவலோடு தனியாக இருக்கட்டும். விற்பனைக்கு இடுகிற பெட்டைகளுக்குச் சேவல் தேவையே இல்லை.

முட்டையைக் கழுவாதீர்கள். ஓட்டின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது, கழுவினால் அது போய்க் கிருமி உள்ளே இறங்கும். அழுக்கைக் காய்ந்த துணியால் துடையுங்கள், போகவில்லை என்றால் அது வீட்டுச் சமையலுக்கு. முட்டை அழுக்காவது கூட்டில்தான். ஆகவே கூட்டில் வைக்கோலை அடிக்கடி மாற்றி, நாளுக்கு இரண்டு தடவை பொறுக்கினால் துடைக்கிற வேலையே பாதி குறையும். அடுக்கும்போது அகன்ற முனை மேலே. கடையில் ஏ.சி.யில் வைத்து, ராத்திரி ஏ.சி.யை நிறுத்தினால் முட்டை வியர்க்கும், அதில் பூஞ்சை பிடிக்கும். குளிரில் வைத்தால் குளிரிலேயே இருக்கட்டும், இல்லை என்றால் வெளியிலேயே இருக்கட்டும் என்று கடைப் பையனிடம் சொல்லி வையுங்கள்.

பெட்டியில் பெயர், முகவரி, எண்ணிக்கை, வரி உட்பட எம்.ஆர்.பி., பேக் செய்த தேதி, போன் நம்பர் இருக்க வேண்டும். ஓட்டோடு இருக்கிற முட்டைக்கு ஜி.எஸ்.டி. இல்லை. தன் தோட்டத்தில் விளைந்ததை அப்படியே விற்கிற விவசாயியை உணவுப் பாதுகாப்புச் சட்டம் பிடிப்பதில்லை, ஆனால் கடைக்காரர் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பர் இல்லாமல் பெட்டியை அலமாரியில் ஏற்ற மாட்டார். சிறு வியாபாரிக்கான பதிவுதான், பெரிய செலவில்லை. எடுத்து வைத்துவிடுங்கள்.

மீதி முட்டை

வீடுகள்தான். எங்களுக்குத் தாராபுரத்தில் வாடிக்கை வீடுகள் இருக்கின்றன, பாதிப் பேர் கடையில் பெட்டியைப் பார்த்து அதில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டவர்கள். சூப்பர் மார்க்கெட்டால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான் என்று சொல்வேன், கடைக்காரர் படித்தால் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். வீட்டுக்கு 18 ரூபாய், அட்டைப் பெட்டி இல்லை, காலி டிரேயைத் திரும்ப வாங்கிக்கொள்வேன். அன்றைக்கே ஜிபே. வாடிக்கையாளருக்குக் கடையைவிட 4 ரூபாய் குறைவு, எனக்குக் கடையைவிட ஒன்றரை ரூபாய் அதிகம், ரிட்டன் கிடையாது. அலைச்சல் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பாகப் பிடித்தால் ஒரே வாசலில் பத்து வீடு முடிந்துவிடும்.

பக்கத்துப் பண்ணைகளோடு சேர்ந்து போடலாமா என்றும் கேட்கிறார்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே வண்டியில் கொண்டுபோவது நல்லது, பெட்ரோல் மிச்சம், ஒருவருக்கு முட்டை குறைந்தால் இன்னொருவர் ஈடு செய்யலாம். ஆனால் ஒவ்வொருவர் பெட்டியிலும் அவரவர் பெயர் இருக்கட்டும். இல்லை என்றால் ஒருவர் வீட்டில் சேவல் கூடிய முட்டைக்கு எல்லோரும் பதில் சொல்ல வேண்டும்.

கடைசியாகப் பருவம். புரட்டாசியில் வீட்டில் முட்டை உடைக்க மாட்டார்கள், கார்த்திகையில் மாலை போட்டுவிடுவார்கள். ரிட்டன் குவிவது இந்த இரண்டு மாதத்தில்தான். ஆடி முடியும்போதே கடைக்காரரிடம், புரட்டாசிக்குப் பாதிதான் இறக்குவேன் என்று சொல்லிவிடுங்கள். அந்த மாதங்களில் அடைக்கு உட்காரும் பெட்டைகளைத் தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டாம். சேவலோடு இருக்கிற கூட்டத்து முட்டையை அடியில் வைத்துவிடுங்கள், பெட்டைக்குப் பத்துப் பன்னிரண்டு. புரட்டாசியில் பொரித்த குஞ்சு சித்திரை வாக்கில் முட்டைக்கு வரும், சேவல் குஞ்சுகள் அடுத்த ஆடி நோன்பிக்கும் கோயில் கிடாவெட்டுக்கும் விலை போகும். உயிர் எடைக்கே விற்றுவிடுங்கள். உரித்துக் கொடுக்கச் சொல்லி அதே கடைக்காரர் கேட்பார், அதற்கு ஐஸ் பெட்டி, தனி லைசென்ஸ் என்று வேறு செலவுகள் வரும். 200 கோழிக்கு அது கட்டாது.

பில் புத்தகத்தில் கார்பன் வைத்து எழுதுங்கள். இறக்கியது, திரும்பியது, பாக்கி என்று மூன்று கட்டம் போதும், ஒவ்வொரு தடவையும் கையெழுத்து.